நான்காவது சுருள்

1997 மார்ச்சில் எங்கள் வட்டார விளம்பரத் தாளில் மூன்று வரி கொடுத்திருந்தேன். "யூ.டி.18 கலர் ஃபிலிம், இரட்டை எட்டு எம்.எம். எவ்வளவு பழையதானாலும் பரவாயில்லை. கழுவும் மருந்துப் பொடியும் தேவை. மெர்ட்டன், யெஸ்னிட்ஸ்." எனக்கு நேர் மேலே ஒருவர் முயல் கூண்டு விற்றுக்கொண்டிருந்தார். முதல் வாரம் வந்த போன்களில் பாதி முயல் கூண்டுக்கு.

நான் மின்நிலையத்தில் ஃபிட்டராக இருந்தவன். நிலையத்தை மூடிய பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பல்பு மாற்றுவது, கதவுக்கு எண்ணெய் விடுவது என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. 1974 முதல் ஒவ்வொரு ஏப்ரலிலும் முல்டே ஆற்றுப் பாலத்தில் நின்று, ஒரே இடத்திலிருந்து ஒரு சுருள் சலனப்படம் எடுத்துவந்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த நாளில் ஆற்றில் முழங்கால் உயரத்துக்கு நுரை மிதக்கும். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். கலர் ஃபிலிம் கையில் இருக்கும்போது இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது என்று தொடங்கினேன், பிறகு விட முடியவில்லை. "கல்யாண ஆல்பத்துல நான் ரெண்டு படத்துல இருக்கேன். அந்தச் சாக்கடை இருபது படத்துல இருக்கு" என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். அப்போது அவள் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

ஃபிலிம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை பக்கத்து ஊரில்தான் இருந்தது. அதையும் மூடிவிட்டார்கள். கடைசியாகப் பதுக்கி வைத்திருந்த சுருளை முந்தின வருடம் எடுத்து முடித்தேன். கடையில் கிடைக்கும் வேறு ஃபிலிம் எதுவும் என் ரஷ்யக் கேமராவுக்குள் நுழையாது. ஆகவே விளம்பரம்.

இரண்டாவது வாரம் ஒரு பெண் குரல் கேட்டது.

"மெர்ட்டன் சாரா? முயல் இல்லைங்க, ஃபிலிம்."

அவள்தான் ரோஸ்வித்தா. ஐம்பத்தாறு வயது, ஒல்லி, பேக்கரியில் அரைநாள் வேலை. மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு டயரிலும் காற்று பாதிதான் இருந்தது. கூடையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். அலுமினியத் தாளில் சுற்றி நான்கு சுருள்கள்.

"பட்டாணிக்கும் வாத்துக்கும் நடுவுல பத்து வருஷமா ஃப்ரீசர்ல கெடக்கு. கெட்டிருக்காது" என்றாள்.

விலை கேட்டேன்.

"விக்க வரல. ரெண்டு உங்களுக்கு, ரெண்டு எனக்கு. என்னோட ரெண்டையும் நீங்கதான் எடுத்துத் தரணும்."

"என்ன எடுக்கணும்?"

"எங்க ஷிஃப்டு பொம்பளைங்கள."

பத்தொன்பது வருடம் அவள் அந்தத் தொழிற்சாலையில் ஃபிலிமுக்குப் பூச்சுப் பூசும் கூடத்தில் வேலை செய்திருக்கிறாள். அங்கே விளக்கு கிடையாது. எட்டு மணி நேரமும் கும்மிருட்டு. சுவரில் ஒரு கையை வைத்தபடி நடக்க வேண்டும், எதிரே வருபவருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

"இருமல வச்சே யாருன்னு சொல்லிடுவோம்" என்றாள். "கேன்டீன்ல பாத்துக்குவோம்தான். ஆனா வெளிச்சத்துல எல்லாரும் கொஞ்சம் வேற ஆளா இருப்பாங்க. நாங்க பண்ணுன ஃபிலிம்ல நாங்களே ஒரு தடவகூட இருந்தது இல்ல. அதான் கேக்குறேன்."

"எத்தனை பேர்?"

"நாலு." டப்பாவை மூடினாள். "அஞ்சு பேர் இருந்தோம். நீங்க நாலுன்னே வச்சுக்கங்க."

ஃபிலிம் கிடைத்துவிட்டது, மருந்து கிடைக்கவில்லை. அந்தக் கலர் ஃபிலிமை அதற்கென்றே உள்ள பொடிகளில்தான் கழுவ முடியும். முன்பெல்லாம் தபாலில் அனுப்பினால் கழுவி வரும். இப்போது எவரும் செய்வதில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு பெண் போன் செய்தாள். பக்கத்து ஊரான ராகூனிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பெயர் இங்கலோர்.

"பொடி கேட்டிருந்தீங்களே. என் நிலவறையில ஒரு செட்டு பிரிக்காம இருக்கு. நாலு சுருள் கழுவலாம். கடைசி மூணு வருஷம் நான் பொடி கட்டுற பிரிவுலதான் இருந்தேன். யாரோட ஃபிலிம் அது?"

யோசிக்காமல் ரோஸ்வித்தாவின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"அவ நல்லா இருக்காளா?"

"காத்து இல்லாத சைக்கிள்ல எட்டு கிலோமீட்டர் மிதிச்சு வந்தாங்க. நல்லாத்தான் இருக்கணும்."

"அது அவளேதான்." பிறகு குரல் மாறியது. "பொடி தர்றேன். ஆனா கழுவுற அன்னைக்கு நானே வந்து கலக்குவேன். அஞ்சு வருஷப் பொடி. எந்தப் பாக்கெட் கட்டி பிடிச்சிருக்கு, எதக் கூடப் போடணும்னு உங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் பாழாக்கிடுவீங்க."

ரோஸ்வித்தா தன் தோட்டத் துண்டில் உருளைக்கிழங்குக்கு மண் கொத்திக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். மண்வெட்டி நின்றது.

"அந்தம்மாகிட்ட இருந்தா? அப்ப வேணாம்."

"ஏன்?"

"தொண்ணூத்தொண்ணுல ஆள் குறைச்சாங்க. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி போகணும். நான் போனேன், அவ மூணு வருஷம் இருந்தா. என் கண்ணு சரியில்லன்னு மேஸ்திரி காதுல யாரோ போட்டிருக்காங்க. இருட்டுல வேல செய்றவளுக்குக் கண்ணு எதுக்குடான்னு கேக்க அங்க ஒரு ஆள் இல்ல."

"இங்கலோர்தான் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?"

"என் கண்ணு வலி அவ ஒருத்திக்குத்தான் தெரியும்."

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. நான் ஒரு ஃபிட்டர். இறுகிப்போன திருகாணியை அவசரப்பட்டுத் திருகினால் தலை போய்விடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில் பாலத்துக்குப் போய் என் முதல் சுருளை எடுத்தேன். பழைய ஃபிலிம், வேகம் குறைந்திருக்கும் என்று லென்ஸை ஒரு படி கூடத் திறந்து வைத்து எடுத்தேன். ஆற்றில் நுரை இல்லை. இரண்டு அன்னங்கள் வந்து நின்றன. படத்துக்கு அவை கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

மூன்று வாரம் கழித்து ரோஸ்வித்தா போன் செய்தாள். "கலக்கட்டும். ஆனா படத்துல அவ இருக்க மாட்டா."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தோட்டத்தில் படம் எடுத்தோம். மூன்று பெண்கள் வந்தார்கள். அதில் மார்லீஸ் என்பவள் பவேரியாவில் ஹோட்டல் படுக்கை விரிக்கும் வேலையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்திருந்தாள். ருபார்ப் தண்டுக் கேக் வெட்டினார்கள், காபி ஊற்றினார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர்க் குழாயைத் திருப்பினார்கள்.

"இதுல சத்தம் வராதா?" என்று மார்லீஸ் கேட்டாள்.

"வராது."

"அப்ப எது நான்னு எனக்கே எப்படித் தெரியும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதைத்தான் படமெடுத்தேன்.

மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஏணியிலிருந்து விழுந்தேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, விரல் நுனி மட்டும் வெளியே. கழுவும் நாளைத் தள்ளிப்போடலாமா என்று இரண்டு பெண்களையும் தனித்தனியாகக் கேட்டேன். இருவருமே வேண்டாம் என்றார்கள்.

ஜூன் பதினைந்து, ஞாயிறு. ரோஸ்வித்தா எட்டு மணிக்கு வந்தாள். எட்டரைக்கு இங்கலோர் வந்தாள். பருத்த உடம்பு, பழைய வெள்ளை அங்கி, ஒரு கையில் மருந்துப் பெட்டி, கைப்பைக்குள் சின்னத் தராசு. தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி இருவரும் ஒருவருக்கொருவர் தலையை அசைத்துக்கொண்டார்கள். இங்கலோர் சமையலறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு, தண்ணீரைச் சூடாக்கி, பொடியை நிறுத்து, ஏழு பாட்டில்களில் கரைத்து வைத்தாள். இரண்டு பாக்கெட்டை முகர்ந்து பார்த்து ஏதோ கணக்குப் போட்டாள். ரோஸ்வித்தா கூடத்தில் உட்கார்ந்து, படிக்காமல் செய்தித்தாளைப் புரட்டினாள்.

குளியலறை ஜன்னலில் அட்டையும் கம்பளியும் அறைந்து வைத்திருந்தேன். ஃபிலிமைச் சுருளிலிருந்து பிரித்துக் கழுவும் தொட்டியின் சக்கரத்தில் ஏற்றும் வேலையைத் துளி வெளிச்சம் இல்லாமல் செய்ய வேண்டும். என் சக்கரம் தேய்ந்துபோன ஒன்று. ஒருவர் ஃபிலிமை ஊட்ட வேண்டும், ஒருவர் சுற்ற வேண்டும். ஒற்றை ஆளாக இத்தனை வருடம் பல்லையும் சேர்த்துக்கொண்டு செய்துவந்தேன். மாவுக்கட்டோடு முடியாது.

இதைச் சொன்னதும் இருவரும் என் கட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரோஸ்வித்தா எழுந்து உள்ளே போனாள். இங்கலோர் பின்னாலேயே போனாள். நான் கதவின் கீழ் இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு நடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கதவு மெல்லிய பலகை.

"முனை எங்க?"

"இந்தா. என் கையப் பிடிச்சுக்கிட்டே வா."

"பூச்சு உள்பக்கம்."

"தெரியும்."

ஃபிலிம் கிறீச்சிடும் சத்தம். பிறகு இங்கலோரின் குரல்.

"உன் கை இன்னும் சில்லுன்னுதான் இருக்கு."

சக்கரம் நாலைந்து முறை சுற்றியிருக்கும்.

"நீதான சொன்ன?" என்றாள் ரோஸ்வித்தா.

"என்னத்த?"

"என் கண்ணப் பத்தி. மேஸ்திரிகிட்ட."

"கண்ணப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. கூப்பிட்டுக் கேட்டான், உங்க ரெண்டு பேர்ல வேல யாருக்கு ரொம்ப அவசியம்னு. எனக்குன்னு சொன்னேன். ரெண்டு புள்ளைங்க, புருஷன் இல்ல. உன் புருஷன் ஹோர்ஸ்ட் ரயில்வேல இருந்தான். நீ போயிடுவன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப கண்ணு?"

"கண்ணாடி வேணும்னு எண்பத்தொம்பதுல ஆபீஸுக்கு மனு குடுத்தல்ல. நான்தான உனக்கு எழுதிக் குடுத்தேன், உன் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குன்னு. அது உன் ஃபைல்ல இருந்திருக்கும்."

உள்ளே சக்கரம் நின்றுவிட்டது. ஃபிலிமை விட்டுவிட்டார்களோ என்று பயந்தேன்.

"அத மறந்தே போயிட்டேன்" என்றாள் ரோஸ்வித்தா.

"சுத்துடி. பாதியில நிக்குது."

மறுபடி கிறீச் சத்தம்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? என்னப் பாத்தாலே ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவ. உன் பின்னாடியே ஓடி வரணுமா?"

"அடுத்த வருஷமே ஹோர்ஸ்ட் போயிட்டான்."

"தெரியும். அடக்கத்துக்கு வந்தேன். பின்னாடி வாசல்கிட்ட நின்னேன்."

"தெரியும்டி. இருமல் கேட்டுச்சு."

அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருப்பது முறையில்லை என்று தோன்றியது. சமையலறைக்குப் போய்ப் பாட்டில்களின் சூட்டைப் பார்த்தேன், பார்த்ததையே மறுபடி பார்த்தேன். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இரண்டு முகத்திலும் எதுவும் தெரியவில்லை.

"ரெண்டு சுருளும் ஏத்தியாச்சு. காபி இருக்கா?" என்றாள் இங்கலோர்.

முதல் மருந்து, அலசல், அடுத்த மருந்து. பிறகு மூடியைத் திறந்து சக்கரத்தை வெளியே எடுத்து, ஐந்நூறு வாட் விளக்கை அதன்மேல் திருப்பினேன். இந்த வகை ஃபிலிமுக்கு நடுவில் ஒருமுறை வெளிச்சம் காட்டியே ஆக வேண்டும், அப்போதுதான் நிறம் ஏறும். ரோஸ்வித்தாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் விளக்கு எரிந்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிஞ்சதும் சொல்லுங்க" என்றாள்.

"பொடி கட்டுற எடத்துல தெனம் இதத்தான் சொல்லித் தந்தாங்க. எனக்கே இன்னும் ஓடிப்போயி அணைக்கணும்னு தோணுது" என்றாள் இங்கலோர்.

பதினொன்றரைக்கு ஈர ஃபிலிமை நடையில் கட்டியிருந்த கயிற்றில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். ஈரத்தில் பால் கலந்தது மாதிரி தெரியும், காய்ந்தால்தான் தெளியும். ஆனாலும் படம் இருந்தது. சிவப்பு கொஞ்சம் தூக்கலாக, புல் பழுப்பாக. நகம் அளவுகூட இல்லாத பெண்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கலோர் என் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஒரு முனையிலிருந்து தொடங்கினாள்.

"மார்லீஸ் பெருத்துட்டா" என்றாள். கொஞ்ச தூரம் போய், "இது உன் சட்டைதான? நாம ஒண்ணா வாங்குனது" என்றாள். கடைசிவரை பார்த்தாள். தான் ஏன் அதில் இல்லை என்று கேட்கவில்லை.

ரோஸ்வித்தா கழுவிய குவளையையே துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னிடம் திரும்பினாள்.

"மெர்ட்டன் சார், உங்க ரெண்டாவது சுருள் எங்க?"

ஃப்ரிட்ஜில் இருந்தது. எடுக்கவில்லை. ஊருக்கு மேற்கே ஆற்றில் ஒரு பழைய தடுப்பணை உண்டு. எழுபத்து நாலிலிருந்தே அதை எடுக்க ஆசை. எந்த வருடமும் பாலத்துக்குப் போக மிச்சம் ஒரு சுருள் இருந்ததில்லை. அன்று அதிகாலையே போய் எடுத்து வந்திருக்க வேண்டும், கேமராவைத் திருக மணிக்கட்டு விடவில்லை. யாரையாவது கூட்டிக்கொண்டு மத்தியானம் போகலாம் என்று மனதில் வைத்திருந்தேன். கரைத்த மருந்து மறுநாள் வரை தாங்காது. அதையெல்லாம் சொன்னேன்.

இருவரும் கேட்டுக்கொண்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வெந்த சாசேஜ்களைக் கடுகு விழுதோடு தட்டில் வைத்தேன். என் சாசேஜைத் தின்று முடிக்கும்வரை யோசித்தேன். தடுப்பணையை நினைத்தபோது உண்மையிலேயே வலித்தது. அதை மறைக்க மாட்டேன். பிறகு எழுந்து போய்ச் சுருளை எடுத்து, குளிர் போகட்டும் என்று ரோஸ்வித்தாவின் கையில் கொடுத்தேன்.

"நீங்களே எடுங்க. என்னால பிடிக்க முடியாது. அளவெல்லாம் நான் வச்சுத் தர்றேன்."

"இங்கலோர், அங்கியக் கழட்டு" என்றாள் ரோஸ்வித்தா.

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரி ஆயா மாதிரி இருக்க. கழட்டு."

கொல்லையில் துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே இங்கலோரை நிறுத்தினோம். நான் இடது கையால் ஒளி அளவை வைத்தேன். ரோஸ்வித்தா சாவியை முறுக்கிப் பொத்தானை அழுத்தினாள். இந்தச் சுருளில் பாதி அகலம்தான் ஒரு தடவைக்கு ஓடும், இரண்டு நிமிடம். பிறகு திருப்பிப் போட்டால் மறுபாதி இரண்டு நிமிடம். நிழலில் நின்று திருப்பினாலே போதும் என்றேன். இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குளியலறை இருட்டுக்குப் போய்த்தான் திருப்பிப் போட்டார்கள்.

மறுபாதிக்கு ரோஸ்வித்தாவைப் பாலத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் கேட்டேன். பின்னால் ஆறு மட்டுமாவது இருக்கட்டும். ஐந்து நிமிட நடைதான். இங்கலோர் கேமராவைத் தூக்கி, "சிரிக்காத, உனக்கு அது வராது" என்றாள். ரோஸ்வித்தா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இரண்டு நிமிடமும் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றாள்.

என் ஆற்றுச் சுருளையும் இதையும் மத்தியானம் சேர்த்துக் கழுவினோம். இந்தத் தடவை உள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. யாருக்குக் கல்யாணம், யாருக்கு மூட்டு வலி என்ற பேச்சு. நான் ஸ்டூலைப் போடவில்லை. ஆறு மணிக்கு எல்லாம் முடிந்து ஆப்பிள் சாராயத்தில் ஆளுக்கு ஒரு சின்னக் குவளை குடித்தோம். அப்போது இங்கலோர், முதல்முறையாக என் சொந்தப் பெயரைச் சொல்லி, "இன்னும் என்ன நீங்க, வாங்க? உன் குளிக்கிற தொட்டியவே கழுவிட்டேன், எக்கார்ட்" என்றாள். ரோஸ்வித்தாவும் குவளையைத் தூக்கினாள். அன்றிலிருந்து மூவருக்குள்ளும் நீ, வா, போ என்றுதான் பேச்சு.

மருந்து களைத்துப் போயிருந்தது. கடைசிச் சுருளில் நிறம் வெளுத்து, மேலே ஒரு மஞ்சள் படிந்திருந்தது. ரோஸ்வித்தாவின் பாதியில் பத்து நொடிக்கு அவள் தலையே இல்லை, ஆறு மட்டும் இருக்கிறது. நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து ஒட்டி முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஜூலையில் ரோஸ்வித்தாவின் தோட்டக் குடிசையின் ஜன்னலுக்குக் கம்பளி போட்டுப் படம் காட்டினேன். மார்லீஸ் மறுபடி ரயிலேறி வந்திருந்தாள். இங்கலோர் துணிக் கம்பிகளுக்கு நடுவே நின்று வாயை மூடாமல் பேசிக்கொண்டிருக்கும் காட்சி வந்ததும், என்ன பேசுகிறாள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏதோ மன்னிப்புக் கேட்கிறாள் என்றாள் மார்லீஸ். இல்லை, சமையல் குறிப்பு என்றாள் இன்னொருத்தி.

"நேராப் பிடிடி, நேராப் பிடிடின்னு சொன்னா" என்றாள் ரோஸ்வித்தா. "ரெண்டு நிமிஷமும் அதேதான்."

"நீ பிடிச்சியா?" என்றாள் இங்கலோர். "பாரு, நான் ஆத்துக்குள்ள விழுற மாதிரி சாஞ்சு நிக்குறேன். அங்க ஆறே இல்ல."

அந்த இலையுதிர்காலத்தில் இங்கலோர் மகனோடு இருக்க காசெல் நகரத்துக்குப் போனாள். ரோஸ்வித்தா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் போய்வருகிறாள். நான் வேறு ஃபிலிமும் வேறு கேமராவும் தேடவில்லை. பாலத்திலிருந்து எடுத்த இருபத்து நான்கு வருடம் பெட்டியில் இருக்கிறது, அது போதும். தடுப்பணை மட்டும் இல்லை. இங்கலோர் ஊருக்கு வந்தால் இருவரும் நேரே என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். திரையை விரித்து முதலில் அந்த நான்காவது சுருளைப் போடச் சொல்வார்கள். நான்கு நிமிடம் ஓடும். யார் கேமராவைக் கோணலாகப் பிடித்தது என்ற சண்டை அதைவிட நீளமாக ஓடும். பிறகு சாப்பிடுவோம்.